சறுக்காமல் இறங்கிய மலை

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குறை உண்டு. ‘தெரியாது’ என்ற சொல் என் வாயில் வராது. யார் எதைக் கேட்டாலும், கேள்வி முடியுமுன்பே ‘ஓம், தெரியும்’ என்று தலை ஆடிவிடும். என்னத்தைத் தெரியும் என்று சொல்லிவிட்டோம் என்பதை மூளை பிறகு ஆறுதலாகத்தான் விசாரிக்கும். இப்படித்தான் எனக்குத் தையல் தெரியும், வயலின் தெரியும், நீச்சல் தெரியும் என்று ஊரில் பலபேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். பெரிய சேதம் எதுவும் வரவில்லை. (பக்கத்து வீட்டு அக்காவின் கலியாணச் சட்டையைத் தவிர. அவர் இப்போது லண்டனில் நலமாக இருக்கிறார். என்னோடு மட்டும் கதைப்பதில்லை.)

ஆனால் கனடாவுக்கு வந்த நாலாவது வருடம், பனிமலையில் சறுக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அதுவும் என்னைக் கட்டப்போகிறவரிடம்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பார்க் எக்ஸ்டென்ஷனில் அக்கா வீட்டில், மூன்றாம் மாடியில் இருந்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு கார்டரியில் வேலை. தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் குஞ்சு குருமான்களைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. என் பிரெஞ்சு முழுவதும் மூன்று வயதுக்காரர்களிடம் படித்தது. ‘கை கழுவு’, ‘எழும்பு’, ‘கடிக்காதே’, ‘எங்கே நோகுது’ என்ற அளவில் தண்ணீர் பட்டபாடு. வங்கிக்குப் போனால் ஊமை.

ரூபன் என்பவரைத் தெரிந்தவர் ஒருவர் எனக்குக் கலியாணம் பேசி வந்தார். புரோசார்ட்டில் அப்பா அம்மாவோடு இருக்கிறார், ஒரே பிள்ளை, கம்பியூட்டர் வேலை, இங்கேயே வளர்ந்தவர். மூன்று கிழமையாகத் தொலைபேசியில் கதைத்தோம். அவருடைய தமிழ் மெல்ல மெல்ல, சொல்லைத் தேடித் தேடி வரும். அவர் தேடும் அந்த இடைவெளிகளில் எனக்குப் பிடித்த சொற்களை நானே போட்டு நிரப்பிக்கொள்வேன். மூன்றாம் கிழமை முடியும்போது, அவர் சொன்ன பாதியும் நான் நிரப்பிய பாதியுமாக ஒரு முழு மனிதர் உருவாகிவிட்டார். அவரை எனக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று.

ஒருநாள் ரூபன் சொன்னார்: “எனக்குப் பெரிசா ஒண்டும் வேண்டாம் தர்ஷினி. ஒருத்தருக்கொருத்தர் உண்மையா இருந்தாக் காணும். போனமுறை பேசின இடத்தில அவை சொன்னதில பாதி பொய்.”

“ஐயோ, பொய் எண்டா எனக்கும் துண்டாப் பிடிக்காது” என்றேன். அது சத்தியம். மற்றவர்கள் சொல்லும் பொய் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. “வின்ரரில என்ன செய்வீங்கள்? ஸ்கீ பண்ணுவீங்களா?” என்று கேட்டார்.

“ஓம். கொஞ்சம்.”

தலை ஆடிவிட்டது. அதன் பிறகுதான் மூளை விசாரணையைத் தொடங்கியது. கார்டரிப் பிள்ளைகளைப் பார்க்குக்குக் கூட்டிப்போய், ஆறடி உயர மேட்டிலிருந்து பிளாஸ்ரிக் தட்டில் இருத்தித் தள்ளிவிட்டிருக்கிறேன். ஒருமுறை நானும் அந்தத் தட்டில் குந்தியிருந்து இறங்கியிருக்கிறேன். பனி இருந்தது, சரிவு இருந்தது, சறுக்கினேன். ‘கொஞ்சம்’ என்று சொன்னதில் என்ன பிழை?

மறுமுனையில் ரூபனின் குரலில் வெளிச்சம் ஏறியது. “அப்பாவும் பண்ணுவார்! அவற்ற அறுபதாவது பிறந்தநாளுக்கு நான்தான் முழுச் சாமானும் வாங்கிக் குடுத்தன். வாற சனிக்கிழமை எல்லாரும் போவம். அப்பா அம்மாவை நீங்கள் பாத்த மாதிரியும் இருக்கும்.”

இப்படியாக என்னைப் பெண் பார்க்கும் வைபவம் ஒரு மலையில் நிச்சயமானது.

அந்தக் கிழமை முழுவதும் நான் வீடியோ பார்த்தேன். அவற்றில் வருகிறவர்கள் ஒருவரும் விழுவதில்லை. வெள்ளைச் சரிவில் இடமும் வலமுமாக வளைந்து, யாரோ மெல்லிய பென்சிலால் கோடு கீறுவதுபோல இறங்கி வந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொருகும். நித்திரையில் நானும் இறங்கினேன். நீலக் குளிர்ச்சட்டை, பறக்கும் சால்வை, பின்னால் ரூபன், அவருக்குப் பின்னால் கைதட்டும் மாமனார் மாமியார். காலையில் எழுந்து, காலில் கம்பளிச் சொக்ஸ் மாட்டிக்கொண்டு, அக்கா வீட்டுக் கொரிடோரில் முழங்காலை மடித்துச் சறுக்கிப் பார்த்தேன்.

“என்னடி, நிலம் துடைக்கிறியோ?” என்றாள் அக்கா.

சனிக்கிழமை காலை ரூபன் காரோடு வந்தார். முன் சீட்டில் அவருடைய அப்பா நடேசன் அங்கிள். நெடிய, ஒடுங்கிய மனிதர். இருபத்தைந்து வருடம் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். “வாரும் பிள்ளை” என்று ஒரு தரம் சொல்லிவிட்டு வாயைப் பூட்டிக்கொண்டார். பின் சீட்டில் என்னோடு ரூபனின் அம்மா, அன்ரி. மடியில் ஒரு பெரிய பை. அதற்குள்ளிருந்து மீன் ரோல்ஸின் மணம் வந்தது. “நான் உந்த விளையாட்டுக்கு வரேல்லை பிள்ளை. கண்ணாடிக்குள்ளால பாத்துக்கொண்டு இருப்பன்” என்றார். இந்த உலகத்திலேயே மிக அறிவான பெண்மணி அவர்தான் என்று அன்றைக்குப் பின்னேரம் எனக்கு விளங்கியது.

பாலம் தாண்டும்போது ஆறு பாதி உறைந்து, மீதிப் பாதியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அதன் பிறகு வயல்கள். வானம் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாத வெள்ளை. ஒன்றரை மணி நேரம் அந்த வெள்ளைக்குள் கார் மிதந்துபோனது. நான் பாதி நித்திரையில் என் சால்வையைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன்.

மலையடிவாரத்துக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன ஊர் வந்தது. அதன் பெயரைச் சொல்லமாட்டேன். இருநூறு வருடப் பழைய ஊர். அங்கே எதையும் லேசில் மறக்கமாட்டார்கள். செங்கல் வீடுகள், மரக் கைப்பிடி வைத்த விறாந்தைகள், உறைந்துபோன சிறு நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் கருங்கல்லில் ஒரு மாவு ஆலை, வெள்ளித் தகடு போர்த்த கோபுரத்தோடு ஒரு தேவாலயம். கார் அந்தத் தெருவால் மெல்லப் போனபோது அங்கிள் தலையைத் திருப்பி, ஊர் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தார். சரித்திரத்தில் ஈடுபாடு போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மலையடியில் வாடகைக்கு எனக்குப் பலகைகளும் சப்பாத்தும் எடுத்தார்கள். ஸ்கீ சப்பாத்து என்பது சப்பாத்தே அல்ல. இரண்டு காலிலும் ஒவ்வொரு பிரஷர் குக்கரை மாட்டிவிட்டு நடக்கச் சொல்வது. அங்கிள் தன்னுடைய சாமான்களைப் பூட்டிக்கொண்டிருந்தார். தலைக்கவசம், பெரிய கண்ணாடி, மின்னும் கையுறை. சந்திரனுக்குப் புறப்படுகிறவர்போல இருந்தார். அவரைப் பார்க்கும்போது ரூபனின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்கவேண்டும்!

எல்லாம் பூட்டி முடிந்தபின் ரூபன் குனிந்து தன் பலகையைப் பார்த்தார். சப்பாத்தைப் பிடிக்கும் கிளிப்பில் ஏதோ பிழை. “இதத் திருத்திக்கொண்டு வாறன். பத்து நிமிசம்தான். நீங்க ரெண்டு பேரும் மேல போங்கோ” என்றார்.

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் அங்கிளைப் பார்த்தேன்.

“பிள்ளைக்குக் களைப்பா இருக்கும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவமே?” என்றார் அங்கிள்.

கடவுளே இறங்கி வந்து திறந்துவிட்ட கதவு அது. நான் நுழைந்திருக்கலாம். ஆனால் ரூபன் பார்த்துக்கொண்டிருந்தார். “இல்லை அங்கிள், போவம். எனக்குக் களைப்பில்லை” என்று என் வாய் சொன்னது. அங்கிளின் முகம் விழுந்துவிட்டது. என்னைப்போல ஒரு கற்றுக்குட்டியோடு நேரத்தை வீணாக்க அவருக்குக் கவலையாக்கும் என்று நினைத்தேன்.

மேலே போவதற்கு லிஃப்ட் என்று சொன்னார்கள். கதவும் பொத்தானும் உள்ள பெட்டி என்று நான் நினைத்தது என் பிழை. அது ஒரு கம்பி. மலையுச்சிவரை போய்த் திரும்பி வரும் கம்பி. அதில் இருவர் இருவராக இருக்கும் கதிரைகள் தொங்கிக்கொண்டு, நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். நாங்கள் அதன் பாதையில் போய் நிற்கவேண்டும். கதிரை பின்னால் வந்து முழங்காலுக்குப் பின்னே அடிக்கும். அடித்ததும் இருக்கவேண்டும். அந்த முதல் பரீட்சையில் மட்டும் நாங்கள் இருவரும் சித்தியடைந்தோம், ஏனென்றால் அடித்த அடியில் நிற்க முடியவில்லை.

பிறகு தரை எங்களைவிட்டுப் போயிற்று.

இப்போதும் அந்த நேரத்தை நினைத்தால் எனக்கு நடந்ததுபோல இல்லை, கனாக் கண்டதுபோலத்தான் இருக்கிறது. கீழே இருந்த சத்தமெல்லாம் ஒரு கதவைச் சாத்தியதுபோல நின்றுவிட்டது. காற்றே இல்லை. ஸ்னோ கொட்டத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு துகளும் எங்கே போய் இருப்பது என்று யோசித்து யோசித்து இறங்கியது. இரண்டு பக்கமும் வெள்ளை சுமந்த ஊசியிலை மரங்களின் உச்சிகள், கை நீட்டினால் தொடலாம்போல. கீழே புதுப்பனியில் ஒரு முயல் ஓடிய தடம் மட்டும், ஒரு மரத்தடியில் தொடங்கி இன்னொரு மரத்தடியில் முடிந்தது. என் காலில் தொங்கிய பலகைகளைக்கூட மறந்துவிட்டேன். இப்படியே போய்க்கொண்டிருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்தேன்.

கதிரை நின்றது.

ஒருமுறை முன்னால் ஆடியது. ஒருமுறை பின்னால் ஆடியது. பிறகு சும்மா தொங்கியது. அங்கிளின் கை வந்து என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தது.

“பிள்ளை, இது ஏன் நிண்டிட்டுது?”

“தெரியாது அங்கிள்.”

என் வாழ்நாளில் நான் ‘தெரியாது’ என்று சொன்ன முதல் இடம், தரையிலிருந்து நாற்பது அடி உயரத்தில்.

“நீர் முந்தியும் வந்திருக்கிறீர் எண்டு தம்பி சொன்னவன்...”

ஒரு சொல் வெளியே வந்துவிட்டதால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரிசையாக வந்தது. “இல்லை அங்கிள். நான் வரேல்லை. எனக்கு ஸ்கீ தெரியாது. கார்டரிப் பிள்ளையளோட ஒருக்கா பிளாஸ்ரிக் தட்டில இருந்து சறுக்கினனான். அவ்வளவுதான். இப்ப எப்பிடி இறங்கிறதெண்டும் தெரியாது. நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தரவேணும்.”

 அங்கிளின் கண்ணாடியில் ஸ்னோ விழுந்துகொண்டிருந்தது. சரி, கலியாணம் முடிந்தது என்று நினைத்தேன். பிறகு அவர் அந்தக் கண்ணாடியை மெல்ல நெற்றிக்கு ஏற்றினார். ஒடுங்கிய முகத்தில் இரண்டு பயந்த கண்கள்.

“அப்ப ரெண்டு பேரும் செத்தம்” என்றார்.

“ஏன் அங்கிள்?”

“எனக்கும் தெரியாது பிள்ளை. நான் உதில ஒருநாளும் ஏறினதில்லை.”

மூன்று வருடமாக நடந்த கதையை அவர் அந்தத் தொங்கலில் இருந்தபடி சொன்னார். மகன் ஆசைப்பட்டு வாங்கித் தந்த சாமான். பெட்டியைத் திறந்தபோது மகனுடைய முகத்தைப் பார்த்தாராம். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. முதல்நாள் பழகிப் பார்க்க நிலத்தில் நின்றே மூன்று தரம் விழுந்தார். அதன் பிறகு, ரூபன் சிநேகிதர்களோடு பெரிய சரிவுக்குப் போனதும், ‘நான் அங்கால சின்னச் சரிவில போறன்’ என்று சொல்லிவிட்டு, சாமானைக் கழற்றி ஒரு மூலையில் வைத்துவிட்டு, மலையிலிருந்து ஊருக்குப் போகும் வான் வண்டியில் ஏறிவிடுவார். பின்னேரம் திரும்பி வந்து, பலகையில் கொஞ்சம் ஸ்னோவை அள்ளிப் பூசிவிட்டு நிற்பார்.

“மூண்டு வருசமாவோ?”

“ஓம். வின்ரரில மாசம் ரெண்டு சனிக்கிழமை.” குரலில் வெட்கம் இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் மாறியது. ஒரு கையை என் சட்டையிலிருந்து எடுத்து, மரங்களுக்கு மேலால் தூரத்தே காட்டினார். “அங்க பாரும். அந்த வெள்ளிக் கோபுரம் தெரியுதே? அதுக்குப் பக்கத்தில நீளமா ஒரு கூரை. அது முந்தி கள்ளரைப் பூட்டி வைச்ச மறியல்வீடாம். இப்ப புத்தகசாலை. நல்ல சூடு, கதிரையும் மெத்தை. இஞ்சால பச்சைக் கூரை, அது பழைய ரெயில் ஸ்ரேசன். அந்தச் சிவப்புக் கூரைதான் பேக்கரி. கறுவா போட்டு ஒரு பணிஸ் போடுவா மனிசி. நான் இருபத்தஞ்சு வருசம் பாண் போட்டனான் பிள்ளை, அப்பிடி ஒண்டு எனக்கு வராது.”

மங்கிய வெண்மைக்குள் அந்த ஊர் யாரோ மேசையில் பரப்பிவிட்ட விளையாட்டுச் சாமான்போலக் கிடந்தது. புகை நேராக மேலே போனது. அவர் கூரை கூரையாகச் சொல்லிக்கொண்டே போனார். கார் ஓடியவேளை ஒரு சொல்லும் பேசாத மனிதர். மலையைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர். அந்த ஊரின் ஒவ்வொரு புகைபோக்கியையும் அறிந்து வைத்திருந்தார். எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. உண்மையைச் சொன்னால், அந்த இருபது நிமிடமும் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

கதிரை மறுபடியும் நகர்ந்தது. சந்தோஷம் முடிந்தது.

“எப்பிடியும் எழும்பினாச் சரிதானே” என்றார் அங்கிள். “நான் ஒண்டு, ரெண்டு, மூண்டு சொல்லுவன். மூண்டில ரெண்டு பேரும் எழும்புவம்.”

உச்சி வந்தது. காலுக்குக் கீழே தரை ஏறி வந்து பலகைகளைத் தொட்டது. “ஒண்டு” என்றார். “ரெண்டு” என்றார். “மூண்டு!”

நான் எழும்பவில்லை. அவர் எழும்புகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நான் எழும்புகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கதிரை எங்களோடு இறங்குமிடத்தைத் தாண்டிப் போனது. அங்கே குறுக்கே இருந்த ஒரு மெல்லிய தடியில் எங்கள் கால் பட்டது. அவ்வளவுதான். ஒரு மணி அலறியது, முழு லிஃப்டும் நின்றது. எங்களுக்குப் பின்னால் மலையடிவரை, கதிரைக்கு இருவராக எத்தனையோ பேர் வானத்தில் தொங்கினார்கள்.

காவல் அறைக்குள்ளிருந்து நரைத்த பின்னலோடு ஒரு பெண் ஓடிவந்தார். “லெவே வூ, மதாம்! லெவே வூ!”

“என்ன சொல்லுறா?” என்று அங்கிள் கேட்டார்.

அது எனக்கு மிக நன்றாக விளங்கியது. தினமும் மத்தியானம், பிள்ளைகளின் நித்திரை முடிந்ததும் நான் சொல்லும் சொல். “எழும்பட்டாம்.”

“எழும்பிப் பாத்தீரே?”

“இல்லை.”

“நானும் இல்லை.”

நான் முயன்றேன். என் பலகைகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டன. அங்கிளின் பலகை என்னுடையதற்கு மேல் ஏறியது. அவர் பதறியதில் கையிலிருந்த ஊன்றுகோல் ஒன்று நழுவி, இறுகிய பனியில் விழுந்து, இடமும் வலமுமாக வளைந்து வளைந்து, மிக நேர்த்தியாகச் சரிவில் இறங்கி மறைந்தது. எங்கள் கூட்டத்தில் அதுவரை மலையில் சறுக்கியது அந்தக் கோல் மட்டும்தான்.

அந்தப் பெண் ஏதோ நீளமாகக் கேட்டார். காயமா, நோகுதா என்றுதான் இருக்கவேண்டும். எனக்குத் தெரிந்த பிரெஞ்சை எடுத்து வீசினேன். “பா த பொபோ! பா த பொபோ!” என்றேன். (மூன்று வயதுப் பிள்ளை ‘உவ்வா இல்லை’ என்று சொல்வது. நான் இருபத்தெட்டு வயதில், அறுபத்துமூன்று வயது மனிதருக்கும் சேர்த்துச் சொன்னேன்.) அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். தோள் மட்டும் குலுங்கியது.

இறக்கிவிடலாம் என்று கை நீட்டினார். அங்கிள் கதிரையின் இரும்புத் தண்டை விடவில்லை. இறங்கினாலும் மலையுச்சியிலிருந்து கீழே போவது எப்படி என்று எங்களுக்கும் தெரியவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணே முடிவு செய்தார். எங்கள் பலகைகளைக் கழற்றினார், முன்னால் பாதுகாப்புக் கம்பியை இழுத்து இறக்கினார், உள்ளே போய் ஒரு சிவப்புக் கம்பளி கொண்டுவந்து எங்கள் மடியில் போர்த்தி, பிள்ளைகளுக்குச் செய்வதுபோல ஓரங்களைச் செருகிவிட்டார். வந்த கதிரையிலேயே எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்போதுதான் ஒரு விசயத்தை உணர்ந்தேன். மேலே போகும்போது எல்லோரும் எங்களுக்கு முதுகு காட்டி இருந்தார்கள். இறங்கும்போது எல்லோரும் எங்களுக்கு நேரே வந்தார்கள்.

கம்பளி போர்த்து, பலகை இல்லாமல், பனிக்குள் மிதந்துகொண்டு நாங்கள் இறங்க, கதிரை கதிரையாகச் சனம் ஏறி வந்தது. தங்களைத் தொங்கவிட்டது யார் என்று எல்லோருக்கும் பார்த்தவுடனே விளங்கியது. சிலர் ‘போன்ஜூர்’ என்றார்கள். ஒருவர் கைதட்டினார். ஒரு சின்னப் பெண் எங்களைக் காட்டித் தாயிடம் ஏதோ கேட்டாள். வாகனத்தில் சுவாமி வெளிவீதி வருவதுபோல இருந்தது, அர்ச்சனைதான் வேறு மாதிரி. நான் கம்பளிக்குள் முகத்தைப் புதைத்தேன். அங்கிள் முதலில் குனிந்திருந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கம்பளிக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் மெல்ல அசைக்கத் தொடங்கினார்.

அசைத்த கை பாதியில் நின்றது. எதிரே வந்த கதிரையில் ரூபன் இருந்தார்.

அவர் முதலில் எங்களை அடையாளம் காணவில்லை. கண்டபோது வாய் திறந்தது. “அப்பா? தர்ஷினி? எங்க போறீங்கள்?”

“கீழ!” என்றார் அங்கிள்.

வேறென்ன சொல்வது? அதற்குள் கதிரைகள் ஒன்றையொன்று தாண்டிவிட்டன. ரூபன் முழுதாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பனிக்குள் ஏறி மறைந்தார்.

அங்கிள் கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார். “அவன்ர முகத்தை இனி எப்பிடிப் பாப்பன்? ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஒரு புதுச் சாமான் வாங்கித் தாறவன்...”

எனக்கு அவரைப் பார்க்கப் பெரிய பாவமாக இருந்தது. என் கதை எப்படியும் முடிந்ததுதான். “அங்கிள், நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். நான் பயந்திட்டன், நீங்கள் துணைக்கு இருந்தனீங்கள் எண்டு சொல்லுறன்” என்றேன். அவர் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்துக்கொண்டார்.

கீழே அன்ரி வாசலில் நின்றார். உள்ளே கூட்டிப்போய், கண்ணாடிச் சுவரோரம் இருத்தி, சுடச்சுடத் தேத்தண்ணி வார்த்துத் தந்தார். நாலு நிமிடத்தில் ரூபன் சறுக்கி வந்து சேர்ந்தார், தலைமுடியெல்லாம் ஸ்னோவோடு.

நான் சொன்னேன். “எனக்கு ஸ்கீ தெரியாது ரூபன். உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன். மேல போய்ப் பயந்திட்டன். அங்கிள் நல்லாச் சறுக்குவார்தானே, என்னைத் தனிய விட்டிட்டுப் போகேலாமல் அவரும் கூட வந்தவர்.”

ரூபன் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. “நான் ஒண்டுதானே கேட்டனான்” என்று மட்டும் சொல்லிவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஸ்னோ விழுந்துகொண்டேயிருந்தது. அன்ரி ரோல்ஸ் பெட்டியைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் மூடியில் கையை வைத்திருந்தார். போனில் கதைத்த அந்த மூன்று கிழமையும் எனக்குள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தது.

“தம்பி” என்றார் அங்கிள். “பிள்ளை பொய் சொல்லுது.”

“தெரியும் அப்பா.”

“இல்லை. இப்ப சொன்னதும் பொய்.”

பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளைபோலச் சொன்னார். வான், புத்தகசாலை, பேக்கரி, பலகையில் பூசிய ஸ்னோ. ரூபன் நம்பமுடியாமல் தாயைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியும்” என்றார் அன்ரி, ஒரு ரோலை எடுத்து என் தட்டில் வைத்தபடி. “கறுவா மணக்க மணக்க வீட்டை வாற ஸ்கீக்காரனை நான் வேற எங்கயும் கேள்விப்படேல்லை.”

ரூபன் எழும்பி வெளியே போனார். கண்ணாடிக்கு அப்பால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பனிக்குள் நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எனக்கும் கண் கலங்கியது. திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. ஆனால் அது சிரித்த சிவப்பு. “‘கீழ’ எண்டு சொன்னாரே...” என்று தொடங்கியவர் முடிக்க முடியாமல் மேசையில் கவிழ்ந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பா, எழும்புங்கோ. அந்த பேக்கரியக் காட்டுங்கோ” என்றார்.

அன்று பின்னேரம் முழுவதும் அந்தப் பழைய ஊரில் நடந்தோம். நாலு மணிக்கே பொழுது நீலமாகிவிட்டது. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக மஞ்சள் பிடித்தன. எங்கள் காலடிச் சத்தத்தைக்கூட ஸ்னோ விழுங்கிவிட்டது. பேக்கரிக் கதவைத் திறந்ததும், மாப் படிந்த ஏப்ரனோடு ஒரு பெண்மணி “மிஸ்யூ நடா!” என்று இரண்டு கையையும் விரித்தார். அங்கிள் எங்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். எனக்கு வந்ததும் சற்று நின்று, ரூபனைப் பார்த்துவிட்டு, என்னை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் “மொன் அமி” என்றார். என் சிநேகிதி என்று அர்த்தம்.

திரும்பிக் காருக்கு நடக்கும்போது ரூபன் என்னோடு பின்தங்கி வந்தார். “வேற என்னெல்லாம் தெரியும் எண்டு எனக்குச் சொன்னனீங்கள்?”

யோசித்துப் பார்த்தேன். “கேக் செய்யத் தெரியாது. வயலினும் தெரியாது. கார் ஓடுவன், ஆனா பின்னுக்கு எடுக்கத் தெரியாது. நீங்கள் சொல்லுற பகிடியில பாதி எனக்கு விளங்கிறேல்லை. சும்மா சிரிக்கிறனான்.”

“எந்தப் பாதி?”

“தெரியாது” என்றேன். இரண்டாம் தரம் அது லேசாக வந்தது.

அடுத்த வருடம் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. இப்போது பதினொரு வருடம். ரூபனும் எங்கள் மகளும் மலையில் மீன்போல நீந்துகிறார்கள். நானும் மாமாவும் (பழைய அங்கிள்தான்) இன்றுவரை சறுக்கப் பழகவில்லை. குளிர்காலச் சனிக்கிழமைகளில் இருவரும் ஒளிவுமறைவில்லாமல் பேக்கரியில் போய் இருக்கிறோம். வீட்டில் மட்டும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாராவது செருப்பை மாட்டினால் போதும். “எங்க போறீங்கள்?” என்று கேட்க, கடைக்கோ கோயிலுக்கோ எங்கே போனாலும் “கீழ!” என்றுதான் பதில் வரும். என் மகள் ஒருமுறை ஆசிரியைக்கும் அப்படிச் சொல்லி, எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

போன மாதம் மாமாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. காலையில் ஆஸ்பத்திரியில் அவரைச் சக்கரக் கட்டிலில் படுக்கவைத்து, கழுத்துவரை கம்பளி போர்த்து, லிஃப்ட் வாசலுக்குத் தள்ளி வந்தார்கள். நாங்கள் நாலு பேரும் பக்கத்தில் நடந்தோம்.  மாமி அவருடைய போர்வையைச் சரிசெய்வதுபோலத் தடவிக்கொண்டே வந்தார். கதவு திறந்து கட்டில் உள்ளே போனபோது ரூபனின் குரல் உடைந்தது.

“அப்பா... எங்க போறீங்கள்?”

கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து மெல்ல அசைந்தது.

“கீழ!”

கட்டிலைத் தள்ளிய மனிதர் குனிந்து, மிகுந்த மரியாதையோடு, “இல்லை மிஸ்யூ, நாங்கள் மேலே போகிறோம்” என்று பிரெஞ்சில் திருத்தினார். கதவு மூடிக்கொண்டது. ஆஸ்பத்திரி என்றும் பாராமல் நாங்கள் நாலு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மூடிய கதவுக்குப் பின்னால், மேலே ஏறி ஏறி, மாமா சிரிக்கும் சத்தமும் கேட்டது.